3 லட்சம் ரூபாய்: நகையா, இன்சூரன்ஸா, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடா?

கேள்வி: குன்னூர் அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அப்பா கட்டிய வீடு, மொத்தம் 800 சதுர அடி. சில வருடங்களுக்கு முன்பு பின்பக்க மேட்டை வெட்டி இரண்டு அறை சேர்த்தோம். அரை ஏக்கரில் கேரட் போடுகிறோம். கையில் 3 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இதை என்ன செய்வது? நகை வாங்கி வைப்போம் என்கிறார் மனைவி. "வீட்டுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் தண்டம், ஏதாவது ஆனால் அரசாங்கம் கொடுக்கும்" என்கிறான் தம்பி.

பதில்: தம்பி சொல்வதை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022-ல் வந்த மத்திய அரசின் நிவாரண விதிகளின்படி, மலைப்பகுதியில் ஒரு வீடு முழுவதும் இடிந்தால் கிடைப்பது 1.3 லட்சம் ரூபாய். உங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட, சதுர அடிக்கு 2,000 என்று குறைத்துப் போட்டாலே 16 லட்சம் ஆகும். மணலும் கம்பியும் மலையேற்றும் வண்டிக்கூலி வேறு. நிவாரணத்தை நம்பினால் மீதிக்குக் கடன்தான்.

இன்சூரன்ஸ் தண்டம் இல்லை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். நிலத்தின் விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்டும் செலவுக்குத்தான் எடுக்க வேண்டும். 16 லட்சத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 3.2 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகையும் தருவார்கள். பிரீமியம் பெரும்பாலும் வருடத்துக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வெட்டிய மேடுதான். இதே பாலிசியின் விலக்குகளைப் படித்துப் பாருங்கள்: கொட்டி நிரப்பிய மண் நகர்வது, குறையான கட்டுமானம், தோண்டும் வேலை, கட்டட மாற்றம் ஆகியவற்றால் வரும் சரிவுக்குப் பணம் கிடையாது. அதாவது, நாமே மேட்டைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, அது சரிந்த பிறகு போய் நின்றால் நிறுவனம் கையை விரிக்க இடமிருக்கிறது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீலகிரியில் அந்தச் சில நாட்களில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஊறிய மண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறினால், செங்குத்தாக வெட்டிய மேடு சரியும் ஆபத்து அதிகம்.

அதனால் 3 லட்சத்தில் பெரும்பங்கு அந்த மேட்டுக்குப் போகட்டும் என்பது என் தீர்மானமான கருத்து. முதலில் மேலே விழும் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் திருப்பிவிடும் வாய்க்கால். அடுத்து, தண்ணீர் வடியக் குழாய் வைத்த தடுப்புச்சுவர். வடிகால் இல்லாத சுவர் ஆபத்தையே பெரிதாக்கும். ஒரு கட்டுமானப் பொறியாளரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஜேசிபி இறக்குவதானால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பில்லையும் முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள், நாளைக்குக் கிளெய்ம் என்று போனால் உதவும். பாலிசி எடுக்கும்போது மேடு வெட்டியதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் கேரட். உங்கள் பிர்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) இந்தப் பருவத்தில் கேரட் பயிர்க் காப்பீட்டில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, தனி வயலில் ஏற்படும் மண்சரிவும் அதில் உண்டா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

நகையை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். வீட்டுப் பாலிசியின் அடிப்படைப் பாதுகாப்பில் நகையும் ரொக்கமும் சேராது. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். லாக்கரில் வைத்தாலும், இயற்கைப் பேரிடரால் நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பில்லை. மேட்டு வேலை போக ஒரு லட்சம் மிஞ்சினால் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால டெபாசிட்டிலுமாகப் போடுங்கள். கையில் பத்தாயிரம் ரொக்கம் இருக்கட்டும். மரம் விழுந்து ரோடு அடைந்து கரண்டும் போய்விட்டால் ஏடிஎம்மும் ஜிபேயும் கைகொடுக்காது.

வங்கிக் கணக்கு இருக்கும் நீங்கள் இருவரும் வருடம் 20 ரூபாய் கட்டும் 'பிரதமர் சுரக்ஷா பீமா' விபத்துக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டீர்களா? 2 லட்சம் பாதுகாப்பு. இயற்கைப் பேரிடர் மரணமும் அடங்கும். தம்பியையும் சேரச் சொல்லுங்கள். பாலிசி வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.