கீரை வாங்க வரும் பெரியம்மா

கேள்வி: எனக்கு 26 வயது. சிறு வயதிலேயே கனடாவுக்குப் போனவள். யூன் மாதம் விடுமுறையில் வந்து, வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் 12 பேர் சேர்ந்து செய்யும் கூட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பக்கத்திலேயே ஒரு வாடகை அறை. விடியக் களை பிடுங்குகிறேன், பின்னேரம் தண்ணீர் இறைக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒட்டுசுட்டானுக்குக் கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், கீரை கொண்டுபோய் விற்கிறேன். இவ்வளவு நிறைவாக நான் ஒருபோதும் இருந்ததில்லை. இயற்கை முறைக்கு மாறுவோம் என்றால் மட்டும் அந்த அக்காமார் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மொத்த வியாபாரி நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு வெட்டுவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். என் பெரியம்மா கூட ஒவ்வொரு சனிக்கிழமையும் முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிப் போவார். வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்; கிணற்றடி நிறையப் பொன்னாங்காணி, பிறகு எதற்கு வாங்குகிறாரோ! கனடா வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் இரண்டு ஏக்கர் காணியில் (அதையும் பெரியம்மாதான் பார்க்கிறார்) கமம் செய்து இங்கேயே வாழ நினைக்கிறேன். அம்மாவும் அப்பாவும் தொலைபேசியில் அழுகிறார்கள். நான் செய்வது சரிதானே?
— ஒரு வாசகி

பதில்: மகள், “சரிதானே” என்று முடித்திருக்கிறீர். ஆம் என்ற ஒரு சொல்லுக்காக எழுதியிருக்கிறீர். அது என்னிடம் இல்லை. யூலை, ஓகஸ்ட் பிறந்தால் இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வரும். மண்ணின் மணம், மனநிறைவு, திரும்பிப் போக மனமில்லை. அவற்றுக்கெல்லாம் எழுதியதையே உமக்கும் எழுதியிருப்பேன், அந்தக் கீரைக்கட்டு இல்லாவிட்டால்.

கிணற்றடியில் பொன்னாங்காணி வைத்திருப்பவர் கீரை வாங்கச் சந்தைக்கு வருவாரா? அதுவும் பஸ் ஏறி, சோழகக் காற்று புழுதியை அள்ளிக் கொட்டும் இந்த நாட்களில்? போக வர அவர் கொடுக்கும் காசுக்கு எத்தனை கட்டு வாங்கலாம் என்று, கணக்குப் பார்க்கத் தெரிந்த நீர் ஒருமுறை பார்த்திருக்கலாம். சும்மா வந்து நின்றால் உமக்கு இடைஞ்சல் என்று நினைத்திருக்கிறார். வாங்குகிறவராக வந்தால் ஐந்து நிமிடம் உம்முடைய முகத்தைப் பார்க்கலாம். தங்கை பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒரு மனுஷி கிழமைக்குக் கிழமை காசு கொடுக்கிறார். நீரும் அதை வாங்கிப் பெட்டியில் போட்டு, மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்திருக்கிறீர். பிறகு “எதற்கு வாங்குகிறாரோ” என்று எனக்கு எழுதுகிறீர்! இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

வந்து எத்தனை கிழமை ஆகிறது? ஒரே ஒரு முறை போயிருக்கிறீர், அதுவும் வந்த மறுநாள். பெரியம்மாவின் வீடு இருக்க வாடகை அறை எதற்கு? தோட்டத்துக்குக் கிட்ட என்பீர். அவர் அந்தத் தூரத்தைக் கீரைக்காக வருகிறாரே.

அடுத்தது காணி. அதை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர். வன்னியில் குளங்களின் கீழ் அரசாங்கம் பிரித்துக் கொடுத்த காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. செய்கை பண்ணாமல் போட்டால் அந்த அனுமதியை இரத்துச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. உம்முடைய அம்மாவின் காணி அப்படியானதென்றால், அது இன்றைக்கும் அம்மாவின் காணியாக இருப்பதற்குக் காரணம் யார்? 2009இற்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் வளவையே அடையாளம் காண முடியாமல் நின்றார்கள், அவ்வளவு பற்றை. கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்து, கூரை விரிப்பின் கீழ் இருந்துகொண்டு வெட்டித் துப்புரவாக்கினார்கள். அந்தக் காணியில்தான் நீர் “கமம் செய்து இங்கேயே வாழ நினைக்கிறேன்” என்கிறீர். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அந்த இரண்டு ஏக்கரில் வருவதுதான் அவருடைய சாப்பாடோ என்றும் நீர் யோசிக்கவில்லை.

ஊருக்கு உழைப்பது உறவுக்குச் செய்ததாகக் கணக்கில் சேராது என்பவள் நான். பழைய எண்ணம் என்று சொல்லும், எனக்கு வருத்தமில்லை. 12 குடும்பத்தின் கத்தரிக்குத் தண்ணீர் இறைக்கும் கை, பெரியம்மாவின் கிணற்றில் நாலு வாளி அள்ளிக் கொடுத்துவிட்டு அங்கே போகட்டும்.

அந்த அக்காமாரைப் பற்றியும் சொல்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அதற்கிடையில் நெல் மஞ்சளித்து நின்றதைப் பார்த்தவர்களிடம் போய் “இயற்கைக்கு மாறுவோம்” என்றால் பேச்சை மாற்றாமல் என்ன செய்வார்கள்? உம்முடைய யோசனை பிழையென்று நான் சொல்லவில்லை. ஒரு பாத்தியில் செய்து, ஒரு போகம் காட்டும். கழிவும் அப்படித்தான். அது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் பறித்த கத்தரிக்காய் நாளைக்குக் காத்திருக்காது, நுண்கடன்காரரும் காத்திருக்க மாட்டார். 12 பேரும் ஒரே பேச்சாக நின்று, முத்திரை பதித்த தராசில் தாங்களே நிறுத்துக் கொடுக்கும் நாள் வரட்டும். அதற்குக் கணக்கெழுத உதவும்.

இங்கேயே இருப்பதா என்ற கேள்விக்கு இப்போது பதில் இல்லை. நீர் கண்டது சிறுபோகம் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதி தெரியாமல் தண்ணீர் நிற்பதையும், காலபோக நெல் முற்றும் நேரம் யானை வருவதையும் பார்க்கவில்லை. தை வரை இரும். அதுவும் முள்ளியவளையில் இரும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு பெரியம்மாவுடன் போய், காணிக்கு உறுதியா அனுமதிப்பத்திரமா, அம்மாவுக்குப் பிறகு உரிமை (பின்னுரித்து) யார் பெயரில் என்று கேளும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அதையும் கேளும். அம்மாவிடம் அழாதே என்று சொல்ல வேண்டாம். அவருடைய அக்கா எப்படி இருக்கிறார் என்று சொல்லும், அவர் அதற்குத்தான் காத்திருப்பார்.

வரும் சனிக்கிழமை பெரியம்மா வந்து கீரையைக் கையில் எடுத்தால் காசு வாங்காதேயும். அந்தக் காசை உம்முடைய பையிலிருந்து கூட்டுப் பெட்டியில் போடும். கடையை மற்ற அக்காவிடம் பாரம் கொடுத்துவிட்டு, அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறும்.