குணமதியார் செய்வித்த திருமேனி

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்கு அழைத்துப் போனேன். கல்படுக்கைகளைப் பார்த்த ஒரு மாணவி, "பாண்டவங்க அஞ்சு பேர்தானே சார், படுக்கை இவ்வளவு இருக்கே?" என்று கேட்டாள். சமண முனிவர்கள் தங்கிய இடம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகுதான் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' நூலைத் தேடிப் படித்தேன். அவர் சமணரா? ஒரு பள்ளி ஆசிரியரால் எப்படி இதைச் செய்ய முடிந்தது? 1954-இல் வந்த நூல், இன்றும் நம்பிப் படிக்கலாமா? கடைசியாக, மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியது உண்மையா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

அன்புடன்,
உங்கள் வாசகன், மேலூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மாணவிக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவள் படுக்கைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். கல்வெட்டு ஆய்வும் அங்கேதான் தொடங்குகிறது. கீழவளவுக் குகையில் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "உபாசஅன் தொண்டி லவோன் கொடு பளிஇ". உபாசகன் என்றால் துறவு கொள்ளாமல் வீட்டில் இருந்தபடியே நெறியைப் பின்பற்றுகிறவன். தொண்டியைச் சேர்ந்த அப்படி ஒருவர் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அது. தொண்டி கடற்கரை ஊர். அங்கிருந்து ஒருவர் மேலூர் வரைக்கும் வந்து, துறவிகள் மழைக்கு ஒதுங்கவும் இரவில் தலை சாய்க்கவும் பாறையைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். பாண்டவர் கதை பின்னால் வந்தது. யார் செய்தார்கள் என்பது மறந்துபோன இடங்களுக்கெல்லாம் நம் மக்கள் பாண்டவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

சரி, சீனி. வேங்கடசாமிக்கு வருவோம். அவர் சமணர் அல்ல. 1900 டிசம்பரில் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சித்த வைத்தியர். கொஞ்ச காலம் எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்திருக்கிறார், குடும்பச் சூழலால் தொடர முடியவில்லை. பிறகு மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1980-இல் மறையும் வரை படிப்பும் எழுத்தும்தான் வாழ்க்கை. வட்டெழுத்து, கிரந்தம், பிராமி என்ற பழைய எழுத்துகளை எல்லாம் கற்றுக்கொண்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போனார். 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்', 1954-இல் 'சமணமும் தமிழும்'. எந்தச் சமயத்துக்கும் வக்கீலாக நின்று அவர் வாதாடவில்லை. தமிழை யார் யார் வளர்த்தார்கள் என்ற கணக்கை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. பல்கலைக்கழகத் துறையின் துணை இல்லாமல் ஒற்றை ஆளாக இதைச் செய்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

எப்படிச் செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நூலில் பலரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகும் பகுதி, சமணத் திருப்பதிகளை, அதாவது புனிதத் தலங்களை, மாவட்டவாரியாகச் சொல்லும் பகுதி. ஊர்ப் பெயர், அங்கே மிச்சமிருக்கும் சிலை, கல்வெட்டில் உள்ள சேதி, இலக்கியத்தில் அந்த ஊர் வரும் இடம். பார்ப்பதற்கு வெறும் பட்டியல்தான். ஆனால் என்னைக் கேட்டால் நூலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்பு சமணம் என்றால் நமக்குச் சிந்தாமணி, நாலடியார், அப்புறம் சம்பந்தரோடு நடந்த வாது, அவ்வளவுதான். அவர் அதை மண்ணில் கொண்டுவந்து வைத்தார். இந்த ஊர், இந்தப் பாறை, இந்த வயல் வரப்பில் கிடக்கும் தலையில்லாத சிலை. 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எழுதியபோதும் இதே வழிதான். உரைகளில் மேற்கோளாக வரும் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இப்படி ஒரு நூல் இருந்தது என்று காட்டினார். சிதறிக் கிடப்பதை அலுக்காமல் பொறுக்குகிற கை அது.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த அந்த ஊரில் கடற்கரையை ஒட்டி, சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான நேமிநாதருக்கு ஒரு கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' என்று பெயர் வைத்தது அந்த நாதரை நினைத்துத்தான். அவிரோதி ஆழ்வார் 'திருநூற்றந்தாதி' பாடியதும் அந்த நேமிநாதர் மேல்தான். கோயிலைக் கடல் கொண்டது. சிலையைச் செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேல்சித்தாமூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்பது தமிழ்ச் சமணர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அங்கேதான் அவர்களுடைய மடம் இன்றும் இருக்கிறது. மயிலையில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் தெருக்களில் தடயமே இல்லாமல் போன ஒரு கோயிலைப் பாட்டிலிருந்தும் கல்வெட்டிலிருந்தும் மீட்டிருக்கிறார். பெயருக்கு முன்னால் மயிலை என்று போட்டுக்கொண்டதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்?

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், குறிப்பாக அந்த மாணவிக்கு. வந்தவாசிக்குப் பக்கத்தில் வேடல் என்று ஒரு ஊர். அங்கே முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குணகீர்த்தி பட்டாரரின் மாணவியான கனகவீரக் குரத்தியார் அங்கே ஆசிரியராக இருந்தார். குரத்தி என்றால் பெண் குரு. அவரிடம் 500 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுக்கும் தவப்பெண்கள் 400 பேருக்கும் ஏதோ மனத்தாங்கல். ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவருடைய பிள்ளைகளையும் காத்துச் சோறிடுவது எங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டு அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு! கழுகுமலையிலும் குரத்தியார் பலருடைய பெயர்கள் சிலைகளுக்குக் கீழே இருக்கின்றன. பெண் கல்வியைப் பற்றி வகுப்பில் பேசும்போது வேடலிலிருந்து தொடங்கலாம்.

இன்றும் நம்பிப் படிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். படிக்கலாம். எந்தப் பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரபாகு முனிவர் சந்திரகுப்த மௌரியரோடு கர்நாடகத்திலுள்ள சிரவணபெளகொளவுக்கு வந்தார், அவருடைய மாணவர் விசாகர் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்ற கதையை வரலாறாகவே எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். ஆனால் பத்திரபாகுவையும் சமணச் சங்கம் தெற்கே வந்ததையும் சொல்லும் சிரவணபெளகொளக் கல்வெட்டு கி.பி. 600 அளவில் வெட்டியது. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிந்தியது. அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய மாற்றம், பிராமிக் கல்வெட்டுகளைப் படிப்பதில் வந்தது. உங்கள் மேலூருக்குப் பக்கத்து மாங்குளத்தில் இருக்கும் எழுத்துகளை ராபர்ட் சீவெல் 1882-லேயே பார்த்திருந்தார். அது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக் காட்டினார். ஆனால் வாசிப்பு நிலைபெறவில்லை. 1960-களில் ஐராவதம் மகாதேவன் வந்த பிறகுதான் தெளிவு பிறந்தது. அரசுப் பணியில் இருந்துகொண்டே குகை குகையாக ஏறிப் படி எடுத்த அவருடைய முழுத் தொகுப்பு 2003-இல்தான் வந்தது. மாங்குளத்தில் கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி இது என்று இன்று நாம் தயங்காமல் படிக்கிறோம். ஒரு பாண்டிய அரசன் பெயரோடு சேர்ந்து நிற்கும் இந்தச் சான்றின் முழு வலு, 1954-இல் எழுத உட்கார்ந்தவருக்குக் கைக்கு எட்டவில்லை. பிற்காலத்தில் அவரும் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். அது அவர் மறைந்த பிறகே அச்சில் வந்தது.

சங்க காலத்துக்குப் பின் தமிழகத்தை ஆண்ட களப்பிரர் விஷயமும் அப்படித்தான். அதை இருண்ட காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை என்று 1970-களில் ஒரு நூல் எழுதினார். 1979-இல் பூலாங்குறிச்சியில் பாறைக் கல்வெட்டு கிடைத்தது. சேந்தன் கூற்றன் என்ற அரசன் பெயரோடு, கோயில்களான கோட்டங்களுக்கும், துறவிகள் தங்கும் தாபதப் பள்ளிக்கும் செய்த ஏற்பாடுகள் அதில் வருகின்றன. நிர்வாகமும் நிலமும் சட்டமும் இருந்த காலம் என்று அது காட்டுகிறது. அது கிடைத்த அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். இன்னும் ஐந்தாண்டு இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இனி எண்ணாயிரம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. கழுவேற்றத்தை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைச் சொல்லவில்லை. எண் எப்படி வந்தது என்று பாருங்கள். மதுரையைச் சுற்றிச் சமணர்களின் எட்டுக் குன்றங்கள் என்று ஒரு பழைய வெண்பா எண்ணிச் சொல்கிறது. எட்டுக் குன்றுக்கு எண்ணாயிரம் பேர். நாலடியார் பிறந்த கதையிலும் பாண்டியனிடம் தங்கியிருந்த சமண முனிவர்கள் எண்ணாயிரம் பேர்தான், ஆளுக்கு ஒரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே அது தலைகளை எண்ணிச் சொன்ன தொகை அல்ல, மதுரைச் சமணர் என்றாலே வாயில் வந்த தொகை. வாதும் பகையும் அரச ஆதரவை இழந்ததும் உண்மை, தேவாரத்தின் வசைகளே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரே நாளில் பூண்டோடு அழித்தார்கள் என்று நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் கீழக்குயில்குடி சமணர்மலையில் இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் சுனைக்கு மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். நான் போனது ஒரு தை மாதக் காலை. வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் வட்டெழுத்து கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் பாறைதான். ஒரு சிலைக்குக் கீழே விரலால் தடவித் தடவிப் படித்தேன்: "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி". அச்சணந்தி பெரிய துறவி. ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் என்று பல மலைகளில் அவர் பெயர் இருக்கிறது. சம்பந்தருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர். மகன் எல்லாவற்றையும் துறந்துவிட்டான். அம்மா அந்த மலையில் ஒரு சிலை செய்துவைத்து, தன்னை இன்னாருடைய தாய் என்று எழுதச் சொல்லியிருக்கிறாள். மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில், யாருக்கும் ஒளிக்காமல்.

கழுவேற்றத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மாங்குளத்துக்கு அழைத்துப் போவதானால் மார்கழி, தையில் போங்கள், மழை நாளில் பாறை வழுக்கும். சாக்பீஸால் எழுத்தின் மேல் தீட்டிப் படிக்க யாரையும் விடாதீர்கள், தண்ணீர் தெளித்தாலே போதும். மலையை ஒட்டிய அரிட்டாபட்டியில் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும், ஊர்கள் திரண்டு எழுந்ததும், 2025 ஜனவரியில் அது ரத்தானதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் உங்கள் பிள்ளைகளின் வீட்டாரும் நின்றிருப்பார்கள். மலையில் நெடுஞ்செழியன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர்களையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்.