தட்டச்சின் நடுவே புதிய சாளரம் பாய்ந்தால் என்ன செய்வது?

நாகர்கோவிலில் லினக்ஸ் பயன்படுத்துவோர் கூடிய ஒரு மாலையில், சாளரங்களின் ஃபோகஸ் (நாம் அடிக்கும் எழுத்து எந்தச் சாளரத்துக்குப் போகிறது என்பது) குறித்து வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்.

மார்த்தாண்டத்தில் டிடிபி கடை நடத்துபவர்: அண்ணா, லிப்ரே ஆஃபீஸைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது வரும்வரை வேறொரு கோப்பில் தட்டச்சு செய்வேன். திடீரென்று அது முன்னால் வந்து நிற்கிறது. பாதி வரி அதற்குள் போய்விடுகிறது. லினக்ஸின் திரைச்சூழலாக எக்ஸ்எஃப்சிஇ (Xfce) வைத்திருக்கிறேன்.

பதில்: பாதி வரியோடு போனால் பரவாயில்லை. கடவுச்சொல்லை அடிக்கும்போது அரட்டைச் சாளரம் முன்னால் வந்தால், அது அப்படியே எதிரில் இருப்பவருக்குப் போய்விடும். அதனால்தான் இதைச் சிறிய தொல்லை என்று நான் ஒதுக்குவதில்லை.

‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ பகுதியில் ‘ஃபோகஸ்’ என்ற தாவலைத் திறந்து, ஃபோகஸ் திருட்டுத் தடுப்பை இயக்குங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். மெனுவில் நீங்கள் சொடுக்கிய நேரம் புதிய நிரலோடு சேர்ந்து போகிறது. கடைசியாக விசையை அழுத்திய நேரமும் பதிவாகிறது. சாளரம் திறக்கும் கணத்தில், சாளரங்களை நிர்வகிக்கும் நிரலான சாளர மேலாளர் இரண்டையும் ஒப்பிடும். சொடுக்கிய பிறகு வேறிடத்தில் தட்டச்சு செய்திருந்தால், புதியதற்கு ஃபோகஸ் கிடைக்காது. பணிப்பட்டையில் கவனம் கேட்டுக் காத்திருக்கும். நிரலைத் திறந்துவிட்டுச் சும்மா இருந்தால் வழக்கம்போல் முன்னால் வரும்.

அவரே: புதிய சாளரத்துக்குத் தானாக ஃபோகஸ் தரும் அமைப்பையே எடுத்துவிடச் சொன்னார்களே?

பதில்: வேண்டாம். நீங்களே கேட்டுத் திறந்த சாளரத்தையும் ஒவ்வொரு முறையும் சொடுக்க வேண்டியிருக்கும்.

தக்கலை, கல்லூரி மாணவர்: நோம் (GNOME) திரைச்சூழலில், கட்டளைகளை அடிக்கும் டெர்மினலிலிருந்து ஒரு நிரலை இயக்கினால், அடுத்த கட்டளையை அடிப்பதற்குள் அது முன்னால் வந்துவிடுகிறது.

பதில்: டெர்மினலிலிருந்து கிளம்பும் நிரலோடு சொடுக்கிய நேரம் எதுவும் போவதில்லை, மக்களே. ஒப்பிட ஒன்றுமில்லாததால் மேலாளர் ஊகிக்கிறது. நோமின் உள் அமைப்புகளை மாற்றும் டிகான்ஃப் எடிட்டரில் சாளர மேலாளரின் விருப்பங்களுக்குப் போய், ‘ஃபோகஸ் நியூ விண்டோஸ்’ மதிப்பை ‘ஸ்மார்ட்’ என்பதிலிருந்து ‘ஸ்ட்ரிக்ட்’ என்று மாற்றுங்கள். டெர்மினலில் தொடங்கியவை அதன்பின் பின்னால் நிற்கும்.

குழித்துறை, பள்ளி ஆசிரியை: எனக்கு நேர்மாறு. மின்னஞ்சலில் இணைப்பைச் சொடுக்கினால், ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவி முன்னால் வருவதில்லை. ‘தயார்’ என்று ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறது.

பதில்: சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலாண்டில் (Wayland) நீங்கள் இருக்கிறீர்கள், டீச்சர். பழைய முறையான எக்ஸ்11இல் எந்த நிரலும் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ள முயலலாம். வேலாண்டில் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் சொடுக்கிய மின்னஞ்சல் நிரல் அதை வாங்கி உலாவியிடம் கொடுக்க வேண்டும். உலாவி அதைக் காட்ட வேண்டும். எக்ஸ்டிஜி ஆக்டிவேஷன் என்ற இந்த நெறிமுறை 2021இல்தான் வந்தது. இரண்டில் ஒரு நிரல் பழைய பதிப்பாக இருந்தாலும் சீட்டு கைமாறாது, அறிவிப்புதான் மிஞ்சும். முதலில் இரண்டையும் புதுப்பியுங்கள். தடுப்பைத் தளர்த்த வழி தேடாதீர்கள்; அது உங்களைக் காக்கிறது.

குளச்சல், கணக்கர்: கேடிஇ (KDE) திரைச்சூழலில் ஃபோகஸ் திருட்டுத் தடுப்பை உச்சத்தில் வைத்தேன். இப்போது கணக்கு நிரலும் முன்னால் வர மறுக்கிறது.

பதில்: ஐந்து நிலைகள் உண்டு, இயல்பு ‘லோ’. அதற்கே திரும்புங்கள், அல்லது ஒரு படி மேலே ‘மீடியம்’ வையுங்கள். கணக்கு நிரலுக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால், அதன் தலைப்புப் பட்டையில் வலச்சொடுக்கி, அந்தச் சாளரத்துக்கென்று தனி விதி எழுதி, தடுப்பை ‘நன்’ (None, இல்லை) ஆக்குங்கள்.