நம் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன்: கேள்விகளும் பதில்களும்

மணப்பெண் ஒப்பனைதான் என் தொழில். முகத்தின் நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் ஃபவுண்டேஷன் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல கேள்விகளின் அடியில் "கொஞ்சம் வெள்ளையாகத் தெரிய வேண்டும்" என்ற ஆசை ஒளிந்திருக்கிறது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு இயல்பான ஒப்பனையை எட்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, நான் மாநிறம். கடையில் என் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பானதைக் கொடுத்து, இதுதான் முகத்தைப் பளிச்சென்று காட்டும் என்றார்கள். பூசினால் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. நான் பூசும் விதம் தவறா?

பூசும் விதத்தில் தவறில்லை, ஷேடுதான் தவறு. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் நான்கு பொருள்கள்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். ஷேடு வெளுக்க வெளுக்க வெள்ளையின் பங்கு கூடும். பழுப்பான தோலின் மேல் அந்த வெள்ளை மெல்லிய படலமாக நிற்கும்போது, அடியில் இருக்கும் தோலின் நிறம் அதன் வழியே மங்கித் தெரியும். நீங்கள் பார்க்கும் சாம்பல் அதுதான். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

அடுத்த முறை கடைக்கு முகத்தில் பவுடர்கூட இல்லாமல் போங்கள். உங்கள் நிறத்துக்கு நெருக்கமான மூன்று ஷேடுகளைத் தாடை எலும்பின் மேல், கன்னத்திலிருந்து கழுத்தை நோக்கிச் சிறு கோடுகளாக இழுங்கள். மணிக்கட்டிலோ புறங்கையிலோ பார்ப்பதில் பயனில்லை. கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றாக இருப்பது அபூர்வம். பிறகு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் நின்று கண்ணாடியைப் பாருங்கள். கடையின் விளக்குகளுக்கு அடியில் எல்லா ஷேடும் அழகாகத்தான் தெரியும். 10 அல்லது 15 நிமிடம் பொறுத்திருங்கள். திரவத்தின் ஈரம் ஆவியாகி முக எண்ணெயோடு கலந்த பிறகு பல ஃபவுண்டேஷன்கள் சற்றுக் கருக்கும். அதன் பிறகும் எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறதோ, அதுதான் உங்கள் ஷேடு.

ஒன்றும் பொருந்தவில்லை என்றால் பக்கத்து ஷேடுகள் இரண்டை வாங்கிக் கலந்துகொள்ளலாம். 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் 40 ஷேடுகளோடு வந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் கருநிறத்துக்கான ஷேடுகளைக் கூட்டத் தொடங்கின. ஆகவே "உங்கள் நிறத்துக்கு இதுதான் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். வேறு கடை பாருங்கள்.

பள்ளி ஆசிரியை, மதுரை: கை நரம்பு பச்சையாக இருந்தால் ஒரு வகை, நீலமாக இருந்தால் வேறு வகை என்கிறார்கள். எனக்கு நரம்பே சரியாகத் தெரியவில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தச் சோதனை கருநிறத் தோலுக்கு உதவுவதில்லை, விட்டுவிடுங்கள். தோலின் ஆழத்திலிருந்து தெரியும் சாயலைத்தான் அண்டர்டோன் என்கிறார்கள். மஞ்சள் கலந்தது வார்ம், இளஞ்சிவப்போ நீலமோ கலந்தது கூல், இரண்டுக்கும் இடைப்பட்டது நியூட்ரல். இவை தவிர லேசான பச்சை ஓடும் ஆலிவ் சாயலும் நம்மிடையே நிறைய உண்டு. பலரும் அதை மஞ்சள் என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். பூசிய பிறகு முகம் ஆரஞ்சாகத் தெரிகிறதே என்று குழம்புவார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே அளவு கருமையுள்ள இரண்டு ஷேடுகளை, ஒன்று மஞ்சள் சாயல், ஒன்று சிவப்புச் சாயல், தாடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எது மறைகிறதோ அது உங்களுடையது. குப்பியில் வார்ம், கூல், நியூட்ரலைக் குறிக்கும் டபிள்யூ, சி, என் என்று எழுத்துகள் இருந்தாலும் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரு நிறுவனத்தின் 220-ஆம் எண்ணும் இன்னொரு நிறுவனத்தின் 220-ஆம் எண்ணும் ஒரே நிறம் அல்ல.

இல்லத்தரசி, கோவை: எனக்கு நெற்றி கறுப்பு, கன்னம் வெளுப்பு, வாயைச் சுற்றிக் கருமை. எதற்குப் பொருத்துவது?

மிக நல்ல கேள்வி. நம் ஊர் முகங்களில் இதுதான் வழக்கம். முழு முகத்தையும் ஒரே நிறமாக்க முயன்றால் முகமூடி போலத்தான் வரும். கன்னத்தின் கீழ்ப்பகுதியும் கழுத்தும் சந்திக்கும் இடத்துக்குப் பொருத்துங்கள். நெற்றியின் ஓரங்களையும் காதோரத்தையும் தொடவே வேண்டாம். அங்கே இருக்கும் இயற்கையான கருமைதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. மூக்கின் பக்கவாட்டு, கன்னத்தின் நடுப்பகுதி, மோவாய் ஆகிய இடங்களில் மட்டும் வைத்து வெளிப்புறமாகக் கரைத்துவிடுங்கள்.

வாயைச் சுற்றிய கருமைக்கும் கருவளையத்துக்கும் நேராக ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல்தான். முதலில் ஆரஞ்சு நிறத் திருத்தியை, மாநிறமென்றால் பீச் நிறத்தை, மோதிர விரலால் மிக மெல்லியதாகத் தட்டி வையுங்கள். நீலம் கலந்த கருமையை ஆரஞ்சு சமன் செய்யும். அதன் மேல் உங்கள் தோலின் நிறத்திலேயே கன்சீலர், அதாவது கறைகளை மறைக்கும் கெட்டியான கிரீம். வெளுத்த கன்சீலரைக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக வரையும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பகலில் அந்த முக்கோணம் அப்படியே தெரியும்.

அலுவலகம் போகும் பெண், சென்னை: காலையில் சரியாக இருக்கிறது, மதியத்துக்குள் திட்டுத் திட்டாகிவிடுகிறது. சில நாள் பூசும்போதே உருண்டு உருண்டு வருகிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். உருண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருப்பது ஒட்டாததுதான். ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் சிலிக்கோன் வகையாகவும் ஃபவுண்டேஷன் நீர் வகையாகவும் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று நிற்காமல் போகலாம். குப்பியில் உள்ள சேர்மானப் பட்டியலின் தொடக்கத்தில் டைமெதிக்கோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற பெயர்கள் இருந்தால் அது சிலிக்கோன் வகை. இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். சன்ஸ்கிரீன் பூசியதும் அவசரப்படாமல் சில நிமிடம் உலர விடுங்கள்.

திட்டுத் திட்டாவது வியர்வையாலும், அளவு கூடுவதாலும். ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். காம்பாக்ட் பவுடரை நெற்றி நடு, மூக்கு, மோவாயில் மட்டும் அழுத்தி வையுங்கள். மதியம் மேலும் பவுடர் போடுவதற்கு முன் எண்ணெயை மெல்லிய டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். எண்ணெயின் மேல் பவுடர் போட்டால்தான் கட்டி கட்டும்.

சேலத்திலிருந்து: என் ஃபவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். 30 இருக்கிறது. சன்ஸ்கிரீன் தேவையா? முகத்தில் மங்கு உண்டு.

கட்டாயம் தேவை. வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் அந்த 30 என்ற எண், ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்துக் கிடைப்பது. அவ்வளவு ஃபவுண்டேஷனை யாரும் பூசுவதில்லை, பூசவும் கூடாது. இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீன் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் முதலில் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், இரும்பு ஆக்சைடுகள் அதைத் தடுக்க உதவும். பல நாள் அதுவே போதும், ஃபவுண்டேஷன் வேண்டியதில்லை.

மணப்பெண், தஞ்சாவூர்: அக்காவின் கல்யாணப் படங்களில் முகம் வெள்ளையாகவும் கழுத்து வேறாகவும் இருக்கிறது. எனக்கு அப்படி ஆகக் கூடாது.

ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஃபிளாஷ் ஒளியை டைட்டானியம், துத்தநாக ஆக்சைடுகளும், நிறமற்ற சிலிக்கா பவுடரும் திருப்பி அடிக்கும். ஒப்பனை ஒத்திகையின்போதே அறையின் விளக்கை அணைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுப்பாகத் தெரிந்தால் பவுடரை மாற்றச் சொல்லுங்கள். கழுத்து, காது, நகைக்குக் கீழே தெரியும் மார்பு ஆகியவற்றுக்கும் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நலங்கு. ஒத்திகையில் பொருந்திய ஷேடு மஞ்சள் பூசிய மறுநாள் பொருந்தாமல் போகும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அன்று இரவே தேங்காய் எண்ணெய் தடவி மென்மையாகத் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள். மிச்சம் மஞ்சள் இருந்தால் ஒப்பனை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மஞ்சள் சாயல் கூடிய ஷேடைக் கலந்துகொள்வார். தயவுசெய்து "இரண்டு ஷேடு வெளுப்பாக்குங்கள்" என்று அருகில் நிற்கும் உறவினர் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கல்யாணப் படத்தில் நீங்கள்தான் இருக்க வேண்டும்.

விரலா, பிரஷா, ஸ்பாஞ்சா? (பலர் கேட்டிருக்கிறார்கள்)

ஈரமான ஸ்பாஞ்ச். தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றுங்கள். விரலும் நல்லதுதான். பிரஷ் கோடு விடும், பழக்கம் வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி: எனக்கு 61 வயது. பூசினால் கோடுகள் கூடுதலாகத் தெரிகின்றன.

பவுடரைக் குறையுங்கள் அம்மா, கண்ணோரத்தில் அறவே வேண்டாம். மாய்ஸ்சரைசர் நன்றாக ஊறிய பிறகு, மேட் (பளபளப்பில்லாத) வகை அல்லாத, நீர்த்த ஃபவுண்டேஷனை நிறம் மாறிய இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். சிரித்துப் பார்த்து, கோட்டில் தேங்கியதை விரலால் எடுத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவி, வேலூர்: பரு நிறைய. தோழி ஒரு "கலர் கிரீமை" ஃபவுண்டேஷனோடு கலந்து பூசச் சொல்கிறாள். ஒரே வாரத்தில் வெளுக்குமாம்.

இன்றே அதை நிறுத்துங்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். குழாயில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தால் அது மருந்து, மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. தோல் மெலியும், பரு பெருகும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே நீண்ட நாள் பூசியிருந்தால் தோல் மருத்துவரிடம் குழாயையும் எடுத்துக்கொண்டு போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

பருவின் மேல் ஃபவுண்டேஷன் போடலாம். "நான்-காமெடோஜெனிக்", அதாவது தோலின் துளைகளை அடைக்காதது, என்று எழுதியதைத் தேடுங்கள். இரவில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கலைத்துவிட்டுத் தூங்குங்கள். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள். தோழிக்கும் கொடுக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: திறந்த குப்பி எத்தனை மாதம்?

குப்பியின் பின்புறம் திறந்த டப்பா படமும் அதற்குள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். திறந்த தேதியைக் குப்பியின் அடியில் எழுதி வையுங்கள். வாடை மாறினாலோ, குலுக்கியும் எண்ணெய் தனியாக நின்றாலோ அதற்கு முன்பே எறிந்துவிடுங்கள்.