பத்து வயதிலும் நான்கே உணவு என்றால்

சகோதரி, உங்கள் பையன் பத்து வயதிலும் வெள்ளைத் தோசை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரே பிராண்ட் பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை, சாம்பார் வாசனைக்கே குமட்டுகிறான் என்கிறீர்கள். “ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சாப்பிடுவான்” என்ற மாமியாரின் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள் பசித்தாலும் சாப்பிட மாட்டார்கள். அது அடம் இல்லை, பயம்.

சின்ன வயதில் வரும் சாப்பாட்டு அடம் பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் தணிந்துவிடும். தணியாமல் குமட்டலும் சேர்ந்தால் ‘ஆர்ஃபிட்’ (ARFID) என்ற, பல உணவுகளைத் தவிர்த்து மிகச் சிலவற்றையே சாப்பிடும் உணவுக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதை மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டில் சேர்த்தது. முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் உயரம், எடை பாருங்கள். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் சொல்லுங்கள், அதுவே பசியை அடக்கும்.

வீட்டில் தோசையிலிருந்தே தொடங்குங்கள். அதே கல், அதே முறுகல், ஒரு ஓரத்தில் மட்டும் துளி நெய். அது பழகிய பிறகு அதே ஓரத்தில் சிட்டிகை இட்லிப்பொடி. அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மாவில் ஒளித்துக் கலந்து அவன் கண்டுபிடித்தால் தோசையையும் விட்டுவிடுவான், அப்புறம் மூன்றுதான் மிச்சம். பக்கத்தில் ஒரு குட்டித் தட்டில் புதியது ஒன்று இருக்கட்டும். தொடலாம், முகரலாம், நக்கிப் பார்த்துத் துப்பவும் செய்யலாம். திட்டும் வேண்டாம், “சபாஷ்” கைதட்டலும் வேண்டாம். பள்ளி டிபனில் மட்டும் பரிசோதனை செய்யாதீர்கள், அங்கே அவன் வயிறு நிறைய வேண்டும்.