மின்காரின் பழைய பேட்டரியில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

விபத்துக்குள்ளான அல்லது வயதாகிவிட்ட மின்கார்களிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகளை வீட்டுச் சூரிய மின் அமைப்புடன் இணைப்பது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இம்முறை இடம்பெறுகின்றன.

கேள்வி: காரை ஓட்டும் வலுவில்லை என்று ஒதுக்கப்பட்ட பேட்டரி ஒரு வீட்டைத் தாங்கும் என்கிறார்கள். இது முரணாகத் தோன்றவில்லையா?

பதில்: காரும் வீடும் பேட்டரியிடம் கேட்பவை வேறுவேறு என்பதால் இதில் முரண் இல்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப் காரின் பேட்டரி 24 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்டது; அதன் மோட்டாரின் உச்சத் திறன் 80 கிலோவாட். அதாவது, முழு வேகத்தில் அழுத்தும்போது, அதே நிலை நீடித்தால் இருபது நிமிடங்களுக்குள் காலியாகிவிடும் அளவுக்கு அந்தப் பேட்டரி மின்சாரத்தை அள்ளித் தர வேண்டியிருந்தது. வீட்டிலோ, சூரியன் மறைந்த பிறகு இரண்டு மூன்று கிலோவாட் வீதம் பல மணி நேரத்துக்கு மெல்ல மெல்லத் தந்தால் போதும். தேய்ந்த செல்களின் உள்மின்தடை கூடியிருப்பது காரில் பெருங்குறையாகத் தெரியும்; வீட்டில் அது பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை. கார் தன் பேட்டரியைச் சுமந்துகொண்டே ஓட வேண்டியிருப்பதால் அங்கே எடையும் முக்கியம். ஓரிடத்தில் நிற்கும் பேட்டரிக்கு அந்தக் கவலை இல்லை.

கொள்ளளவு 70 விழுக்காடாகக் குறைந்த லீஃப் பேட்டரியில் ஏறத்தாழ 17 கிலோவாட் மணி மிஞ்சியிருக்கும். ஆனால் அதை முழுவதும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். பழைய செல்களை உச்சி வரை நிரப்பாமலும் அடிமட்டம் வரை இறக்காமலும் நடுப்பகுதியிலேயே புழங்கவிடுவதுதான் அவற்றின் ஆயுளை நீட்டிக்கும் வழி என்பதால், நாள்தோறும் நம்பக்கூடியது 12 கிலோவாட் மணி அளவே.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள யோஹான் கிரைஃப் விளையாட்டரங்கில் 148 லீஃப் கார்களுக்கு ஈடான, புதியதும் பழையதும் கலந்த பேட்டரிகளைக் கொண்ட 3 மெகாவாட் சேமிப்பகம் 2018இல் தொடங்கி இயங்கிவருகிறது. இதைச் சுட்டிக்காட்டி, “அவர்களே செய்யும்போது நாம் ஏன் செய்யக் கூடாது?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஒவ்வொரு பேட்டரியையும் சோதித்துத் தரம் பிரிக்கும் வசதி இருக்கிறது. வரும் சரக்கின் முழு வரலாறும் தெரியும். வீட்டில் முயல்பவருக்கு இவ்விரண்டும் எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் லீஃப் காரின் பேட்டரித் தொகுப்பிலிருந்து பிரித்த மாட்யூல்கள் (சில செல்களைக் கொண்ட சிறு பெட்டிகள்) இருக்கின்றன. “நலம் 80 விழுக்காடு” என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் காரின் கணினி முழுத் தொகுப்புக்கும் சேர்த்துக் கூறிய ஒரு மதிப்பீடு. உங்கள் கைக்கு வரும் மாட்யூல்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்தக் காரின் முகப்பில் பேட்டரியின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு பட்டைகளில் முதலாவது மறைவதற்குள்ளேயே ஏறத்தாழ 15 விழுக்காடு கொள்ளளவு போய்விட்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கிறது?” என்பதன்று, “மிகவும் நலிந்த செல்லுக்கும் மற்றவற்றுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு?” என்பதே. லீஃப் தொகுப்பில் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் கட்டிய செல்கள் 96 படிகளாகத் தொடர் இணைப்பில் நிற்கின்றன. தொண்ணூற்றைந்து படிகள் 80 விழுக்காட்டில் இருந்து, ஒரே ஒரு படி 55 விழுக்காட்டில் இருந்தால், அந்த ஒன்று காலியானவுடன் முழு வரிசையும் நின்றுவிட வேண்டும். மற்றவற்றில் மிஞ்சியிருக்கும் மின்சாரத்தை எடுக்க வழியில்லை. செல்களைக் கண்காணித்துக் காக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்புகள் பலவற்றில் உள்ள சமன்செய்யும் வசதி, கூடுதலாக நிரம்பிய செல்லின் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குமே தவிர, நலிந்த செல்லுக்குக் கொள்ளளவைத் திருப்பித் தராது.

பேட்டரி இன்னும் காரிலேயே இருக்கிறதென்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. காரின் சோதனை இணைப்பில் ஒரு கருவியைச் செருகி, ஒவ்வொரு படியின் மின்னழுத்தத்தையும் கைப்பேசிச் செயலியில் பார்த்துவிடலாம். பாதி நிரம்பிய நிலையில், ஓய்வில் இருக்கும்போது எல்லாச் செல்களும் ஒன்றுபோலவே தோன்றும். மின்னேற்றம் குறைந்த நிலையில், சுமையின்கீழ் அளந்தால்தான் உண்மை வெளிப்படும். கழற்றிய மாட்யூல்களாக வாங்கினால், எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்துக்கு ஏற்றி, எதனோடும் இணைக்காமல் இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவையுங்கள். தானாகவே மின்னழுத்தம் இறங்கும் மாட்யூல் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்; அதன் உள்ளே நுண்ணிய குறுக்குச்சுற்று வளர்ந்துகொண்டிருக்கலாம். அதன் பிறகே, நிலையான மின்னோட்டத்தில் முழுவதும் இறக்கி, வெளிவந்த ஆம்பியர் மணியை அளந்து, நெருங்கிய அளவுள்ளவற்றை ஒரே வரிசையில் சேர்க்க வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். இதைச் செய்ய நேரமில்லாதவர் இந்தப் பக்கமே வராமலிருப்பது நல்லது.

சிலவற்றைச் சோதிக்கவே தேவையில்லை. உப்பியவை, நசுங்கியவை, கரைப்பானின் இனிப்பு வாடை வீசுபவை, நீரில் மூழ்கிய காரிலிருந்து வந்தவை ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு இயன் புயலின்போது ஃப்ளோரிடாவில் கடல்நீர் புகுந்த மின்கார்கள் சில, புயல் கடந்து நாள்கள் கழித்தும் தீப்பற்றின. அதேபோல, மின்னழுத்தம் ஏறக்குறைய சுழிக்கு இறங்கிக் கிடந்த செல்லை “உயிர்ப்பித்து” விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்போது எதிர்மின்வாயில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்கார் பேட்டரிகளுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது அந்தந்தப் பேட்டரியின் விவரங்களைத் தாங்கிய மின்னணுப் பதிவு, கட்டாயமாகிறது. பழைய பேட்டரியை வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பியிருக்கும் நிலை அங்காவது ஓரளவு மாறும் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி: முழுத் தொகுப்பையும் அப்படியே பயன்படுத்துவது நல்லதா, மாட்யூல்களாகப் பிரித்து 48 வோல்ட் அமைப்பாக்குவது நல்லதா?

பதில்: முழுத் தொகுப்பில் 350 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும் என்பதால் பலர் அஞ்சிப் பிரிக்கிறார்கள். ஆனால் ஆபத்து மிகுந்த வேலையே அந்தப் பிரித்தல்தான். பாதுகாப்புக்கான துண்டிப்புச் செருகியை உருவிவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டதாக எண்ணுவது தவறு. அது பெரும்பாலான தொகுப்புகளில் செல் வரிசையை இரண்டு பகுதிகளாகப் பிரிக்குமே ஒழிய, ஒவ்வொரு பகுதியிலும் கொல்லக்கூடிய மின்னழுத்தம் அப்படியே இருக்கும். மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ சுழியைத் தொட்டுச் செல்வதால் அதில் எழும் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்தில் எழும் வில்லுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. காப்புக் கையுறையும் காப்பிட்ட கருவிகளும் இதற்கான பயிற்சியும் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

என் சாய்வு முழுத் தொகுப்பின் பக்கமே. உறுதியான உறை, ஒவ்வொரு படியையும் கண்காணிக்கும் உணரிகள், இணைப்பைத் துண்டிக்கும் கான்டாக்டர்கள், தக்க ஃபியூஸ் ஆகிய யாவும் அதில் தொழிற்சாலையிலேயே சேர்ந்து வந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே பாதுகாப்பை வீட்டில் புதிதாகக் கட்டியெழுப்புவது விந்தையான சிக்கனம். இடையூறு என்னவென்றால், அந்தத் தொகுப்பின் மேலாண்மை அமைப்பு காரோடு மட்டுமே பேசப் பழகியது. இன்வெர்ட்டருக்குப் புரியும்படி அந்தச் செய்திகளை மாற்றித் தரும் ஒரு சிறிய மின்னணுப் பலகையை இடையில் வைக்க வேண்டும். ‘பேட்டரி எமுலேட்டர்’ என்ற திறந்தமூல மென்பொருள் இந்த வேலைக்காகவே உருவாக்கப்பட்டது. உயர் மின்னழுத்தத்தை ஏற்கும் இன்வெர்ட்டரும், அந்த மென்பொருள் அறிந்த கார் மாதிரியும் உங்களிடம் இருக்க வேண்டும். இடையிலுள்ள பலகை பழுதானால் கான்டாக்டர்கள் தாமாகத் திறந்துகொள்ளும்படி அமைப்பதில் சமரசம் கூடாது.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லீஃப் மாட்யூல் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் உள்ளன. ஏழு மாட்யூல்களைத் தொடராக இணைத்தால் 14 படிகள், முழு மின்னேற்றத்தில் 58.8 வோல்ட். பெரும்பாலான 48 வோல்ட் இன்வெர்ட்டர்கள் இதை ஏற்கும். டெஸ்லா மாடல் எஸ் காரின் மாட்யூலில் ஆறு படிகள். இரண்டைச் சேர்த்தால் முழு மின்னேற்றத்திலேயே 50.4 வோல்ட்தான் வரும். இன்வெர்ட்டர் 42 வோல்ட்டில் நின்றுவிட்டால், ஒவ்வொரு செல்லும் 3.5 வோல்ட்டில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். மிச்சமுள்ள மின்சாரம் பயன்படாமல் உள்ளேயே தங்கிவிடும். லீஃப் மாட்யூல்களைக் காரில் இருந்ததைப் போலவே இருபுறமும் தகடு வைத்து இறுக்கிப் பூட்டவும் வேண்டும். உள்ளே இருப்பவை பை வடிவச் செல்கள் என்பதால், பிடிமானம் இல்லாவிட்டால் உப்பிக்கொள்ளும்.

கேள்வி: ஈய-அமில பேட்டரிக்காக வாங்கிய 48 வோல்ட் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதிலேயே இணைக்கலாமா?

பதில்: மின்னேற்றும் மின்னழுத்தத்தை நீங்களே குறிக்க முடிந்தால் மட்டும் இணைக்கலாம். ஈய-அமில பேட்டரியைச் சமன்செய்வதற்காக அவ்வப்போது 60 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் முறை சில கருவிகளில் தானாகவே இயங்கும். 14 படிகள் கொண்ட லித்தியம் வரிசையில் 62 வோல்ட் ஏறினால் செல் ஒன்றுக்கு 4.4 வோல்ட்டைத் தாண்டும், 4.2தான் எல்லை. ஆகவே அந்த முறையையும், குளிரில் மின்னழுத்தத்தைத் தானாகக் கூட்டும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் செல்லை மின்னேற்றினால் உள்ளே உலோக லித்தியம் படியும் என்பதால், குளிர்ந்த இடங்களில் மின்னேற்றத்தைத் தடுக்கும் வெப்ப உணரியும் வேண்டும்.

கேள்வி: புது மாட்யூல்களையும் பழையவற்றையும் கலக்கலாமா?

பதில்: ஒரே தொடரில் கூடாது. தனித்தனி மேலாண்மை அமைப்பும் ஃபியூஸும் கொண்ட தனி வரிசைகளாக, ஒரே வேதியியல் வகையாகவும் ஒரே எண்ணிக்கைப் படிகளாகவும் இருந்தால் பக்க இணைப்பில் சேர்க்கலாம். இணைக்கும் முன் இரண்டின் மின்னழுத்தத்தையும் சமமாக்கிவிடுங்கள்.

கேள்வி: மாடிப்படிக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தீப்பற்றினால் நீங்கள் தப்பிக்கும் வழி அதுதான். பழைய பேட்டரியை வசிக்கும் கட்டடத்திலிருந்து விலகிய, எரியாத சுவர்களும் காற்றோட்டமும் கொண்ட தனி அறையில் வைத்து, துண்டிக்கும் சுவிட்சை அறைக்கு வெளியே பொருத்துங்கள். குறுக்குச்சுற்றில் இவை ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைப் பாய்ச்சும். சாதாரண வாகன ஃபியூஸ் அதை நிறுத்தாது என்பதால், 48 வோல்ட் வரிசை ஒவ்வொன்றுக்கும் ‘கிளாஸ் டி’ (Class T) வகை ஃபியூஸைப் பொருத்துவது வழக்கம்.

லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் வகை, நிக்கலும் கோபால்ட்டும் கலந்த வகையைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை; அதனால் அது எரியாது என்பது உண்மையன்று. மிகையாகச் சூடான செல் எந்த வகையானாலும் எரியும் வாயுக்களை வெளியிடும். மூடிய அறையில் அவை சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். பொடித் தீயணைப்பான் சுடரை அமர்த்தலாம், செல்லைக் குளிரவைக்காது. புகை வந்தால் உள்ளே போகாமல் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்கும்போதே லித்தியம் பேட்டரி என்று சொல்லிவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். பயன்படுத்திய பேட்டரிகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும் முறைக்கென பாதுகாப்புத் தரநிலைகளை வகுக்கும் யு.எல். அமைப்பின் ‘யு.எல். 1974’ என்ற எண்ணுள்ள தரநிலை 2018இல் வெளியானது. அதன்படி சான்று பெற்ற இடத்தில் வாங்கிய தொகுப்பு என்றால் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசுவது எளிதாக இருக்கும்.

கேள்வி: வீட்டிலும் உழைத்து முடித்த பிறகு இதை என்ன செய்வது?

பதில்: செம்பு, நிக்கல், கோபால்ட், லித்தியம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி ஆலைகள் இதை ஏற்கும். வாங்கும் முன்பே அத்தகைய ஓரிடத்தைக் கண்டறிந்து, பிரித்த மாட்யூல்களாகக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். அனுப்பும்போது முனைகளைக் காப்பு நாடாவால் மூட வேண்டும். உப்பிய அல்லது கசியும் மாட்யூல்களை நீங்களே வண்டியில் ஏற்றிச் செல்லாமல், சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளைக் கொண்டுசெல்ல உரிமம் பெற்றவர்களை வரவழைத்து ஒப்படையுங்கள்.