கதை சொன்னால் பழைய ஆட்கள் மாறுவார்களா?

கேள்வி: பினாங்கு பிறையில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சரக்கு அனுப்பும்போது எழுதும் டிஓ (டெலிவரி ஆர்டர்) புத்தகத்தை விட்டுவிட்டு ஸ்கேனருக்கு மாறுகிறோம். பல வருடமாக இருக்கும் அண்ணன்மார் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். 'கதை சொல்லி மனதை மாற்றுங்கள்' என்கிறது நிர்வாகம். ஒரு ஏஜெண்ட் இரண்டு நாள் பட்டறை நடத்தித் தருகிறாராம், லெவியில் கழித்துக்கொள்ளலாம், செலவே இல்லையாம். நம்பலாமா?

பதில்: செலவே இல்லை என்று யார் சொன்னது? 10 மலேசியர்களாவது வேலை செய்யும் கம்பெனி, மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை ஊழியர் பயிற்சிக்கான அரசு நிறுவனமான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறது. ஏஜெண்ட் எடுக்கப்போவது அந்தப் பணத்தைத்தான். பட்டறையில் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். முதலில் கழுகுக் கதை சொல்வார்கள். வயதான கழுகு அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகைப் பிடுங்கிப் போட்டு, இன்னும் 30 வருடம் வாழ்ந்ததாம். சுத்தப் பொய், அலகு இல்லாத கழுகு பட்டினியில் செத்துவிடும். ஆனால் 50 வயது ஊழியர் காதில் அது எப்படி விழும்? 'உன்னிடம் இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போடு' என்றுதான். அப்புறம் வருகைப் பட்டியலில் கையெழுத்து, குரூப் போட்டோ, சான்றிதழ். காகிதம் சரியாக இருந்தால் போதும், அடுத்த மாதம் ஒருவராவது ஸ்கேனரைத் தொட்டாரா என்று கேட்க ஒருவரும் வரமாட்டார். வருடக்கணக்காக இதே கூத்துதான். எங்கள் கிடங்கில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்ப்பீர்களா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கதை வேலை செய்யும் என்பது உண்மைதான். 1996இல் உலக வங்கியில் ஸ்டீபன் டென்னிங் என்ற அதிகாரி, அறிவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எவ்வளவு விளக்கியும் யாரும் அசையவில்லை. ஸாம்பியாவில் கமானா என்ற சிற்றூரின் சுகாதாரப் பணியாளர் ஒருவர், மலேரியா சிகிச்சை பற்றிய சந்தேகத்துக்கு இணையத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பதிலைப் பெற்றதை அவர் சொன்ன பிறகுதான் காது கொடுத்தார்கள். சின்னக் கதை, உண்மையில் நடந்தது, கேட்டவர்களின் வேலையோடு ஒட்டியது.

அப்படி ஒன்று உங்கள் கிடங்கிலேயே கிடைக்கும். தேநீர் நேரத்தில், டிஓ தொலைந்து கடைசியாக யார் திட்டு வாங்கினார் என்று கேளுங்கள். ஈப்போவுக்குப் போன லோரி பாதிச் சரக்கோடு திரும்பி வந்தது, வீட்டுக்குப் போக வேண்டியவர் ராத்திரி வரை ரேக் ரேக்காக எண்ணிக்கொண்டு நின்றது என்று ஏதாவது வரும். அதை அவர் வாயாலேயே காலை பிரீஃபிங்கில் ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். மலாய் கலந்தாலும் பரவாயில்லை, நீங்கள் இடையில் புகுந்து திருத்தாதீர்கள். இன்னொன்று, அவர்களுக்கு இயந்திரப் பயம் இல்லை, வாட்ஸ்அப்பும் டச் அண்ட் கோவும் கையில்தானே இருக்கிறது! எந்த ரேக்கில் எது என்று மனப்பாடமாகத் தெரிந்தவரை இதுவரை எல்லாரும் தேடி வந்து கேட்டார்கள், ஸ்கேனர் வந்தால் யார் கேட்பார்கள்? அந்த மரியாதை போகிறதே என்பதுதான் வலி. அதையும் கதையில் ஒளிக்காமல் வையுங்கள், ரேக் எண்களைப் பதிவு செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கதையே கூடாது, ஆட்குறைப்பு இருந்தால். நிர்வாகம் மனதில் அதை வைத்துக்கொண்டு உங்களைக் கதை சொல்ல அனுப்பினால், பின்னால் ஏமாற்றுக்காரி என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். அங்கே சொல்ல வேண்டியது கணக்கு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்காத, ஒரு வருடமாவது வேலை செய்தவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. 2 வருடத்துக்குக் குறைவாக இருந்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். வேலை போன 60 நாளுக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்புறுதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் கழுகைப் பற்றிப் பேசுவது பாவம். ஆகவே இந்த மாற்றத்தால் யாருக்காவது வேலை போகுமா என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை ஊழியர்களிடம் எந்தக் கதையும் சொல்லாதீர்கள்.